இருபத்தேழாம் இலக்கக் குப்பி

என் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில், ஏலக்காய்ப் போத்தலுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. விரல் நீளம்தான். உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் மட்டும் காய்ந்துபோன ஒரு பழுப்புக் கறை. வெளியே ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டில் 27 என்று ஓர் இலக்கம், அதன் கீழே 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து, அந்த எழுத்தின் குறுக்கே ஒரு நீலக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கையெழுத்துகள். ஒன்று டொக்டருடையது, மற்றது என்னுடையது. எஸ் என்றால், நான் ஒருகாலத்தில் வேலை செய்த ஆராய்ச்சி அறையில், 'ஸ்டெரைல்', மலடு என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதை எடுத்து, "இதென்ன, மருந்துப் போத்தலோ?" என்று கேட்டால், "ஓம், பழைய மருந்து" என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவேன். போன மாதம் என் கணவரின் செத்தவீடு முடிந்து வந்த அன்று, கறுப்புச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கதிரை போட்டு ஏறி அதைத்தான் முதலில் எடுத்தேன்.

டொக்டர் என்று நான் சொல்வது ஊசி போடுகிற டொக்டரை அல்ல. எண்பதுகளின் கடைசியில், லண்டன் நடுவில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில், பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். மதுரைப் பக்கத்துக்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர், கல்யாணம் செய்யாதவர், கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே நிற்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை டொக்டர் என்பேன். நான் அங்கே போத்தல் கழுவுகிறவள். ஊரில் பிரச்சினை தொடங்கி ஓடி வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட வேலைகள்தான் கிடைத்தன, அதில் எனக்கு வெட்கம் இல்லை. கழுவுவதோடு ஈக்களுக்குச் சாப்பாடும் காய்ச்ச வேண்டும். சோளமா, சீனிப்பாணி, ஈஸ்ட், இறுகுவதற்குக் கடற்பாசித் தூள் எல்லாவற்றையும் பெரிய பானையில் போட்டு, கட்டி படாமல் கிண்டி, சூட்டோடு குப்பி குப்பியாக ஊற்றி ஆறவிட வேண்டும். அந்தப் புளித்த மணம் தலைமயிரில் ஏறிவிடும். வீடு இருந்த பிளேஸ்டோவுக்குத் திரும்பும் ரயிலில் எவ்வளவு நெரிசல் என்றாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். "யாழ்ப்பாணத்திலையிருந்து பிளேன் ஏறி வந்து இலையானுக்குக் களி கிண்டுறாள்" என்று என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, தான் இருந்த சவுத்தால் முழுக்கச் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். இலையான் என்றால் எங்கள் ஊரில் ஈ. சிரிக்கட்டும். அவருடைய சமையலை யாரும் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

டொக்டர் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்தை. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஒரு பெண் ஈ இருக்கும். நன்றாகப் பறக்கும், தின்னும், ஆணோடு சேரும், முட்டையும் இடும். ஆனால் அந்த முட்டை பொரியாது. ஏன்? தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த மரபணுக்களில் எது பழுதானால் இப்படி ஆகிறது? அதைக் கண்டுபிடித்தால், ஒரு முட்டை உயிராவதற்கு என்னென்ன வேண்டும் என்பது விளங்கிவிடும் என்பார். அதற்காக ஆண் ஈக்களுக்கு மரபணுவைக் கெடுக்கும் ஒரு மருந்தைச் சீனித்தண்ணீரில் கலந்து கொடுத்து, அவற்றின் பிள்ளை, பேரப்பிள்ளை, அதற்கும் அடுத்தது என்று வளர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வோர் இலக்கத்திலும் பெண்களை எடுத்து, நல்ல ஆண்களோடு ஒரு குப்பியில் விடுவார். முட்டை பொரித்து, சாப்பாட்டின் மேல் வெள்ளைப் புழுக்கள் நெளியத் தொடங்கினால் அந்தக் குடும்பத்தில் குறையில்லை. ஐந்து நாளாகியும் சாப்பாடு நான் ஊற்றிய மாதிரியே வழுவழுவென்று இருந்தால், துண்டில் எஸ் விழும்.

அந்த எழுத்தை எழுதுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்த ஆண்களை விடப்போகிறாரோ, அவற்றில் சிலதை முதலில் சாதாரணப் பெண்களோடு விட்டுப் பார்ப்பார். அந்தப் பெண்களுக்குப் புழு வந்தால்தான் ஆண்கள் நல்லவை என்று நம்புவார். "ஆம்பளைய சோதிக்காம பொம்பள மேல எழுதக் கூடாது அக்கா" என்று, ஏதோ உப்புப் போட மறக்காதே என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் தொட்டியடியில் கையுறையோடு நின்றேன். தண்ணீர் நிறைந்து என் காலில் வழிந்த பிறகுதான் குழாயை மூடினேன். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எழுதியது பிழை என்று தெரிந்தால் கிழிக்க மாட்டார், மை பூசி மறைக்க மாட்டார். குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைப்பார். "கீழே என்ன எழுதியிருந்துச்சுன்னு நாளைக்கு வர்றவனுக்கும் தெரியணும். கிழிச்சுப் போட்டா நாம தப்பே பண்ணலன்னு ஆயிடும்" என்பார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் என்னை மூன்று முறை கூப்பிட்டுச் சோதித்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், அந்த நோவை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. உங்களிடம் ஒரு குறையும் காணவில்லை, அடுத்ததாக உங்கள் கணவர் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. இவர், என் கணவர், அதை வாசித்தார், மடித்தார், டீவிக்குக் கீழே இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் வைத்தார். பார்க்கிங் என்ற ஊரில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை, நேரமில்லை, பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற அந்தச் சொல்லிலேயே ஒன்றரை வருடம் போனது. அதற்கிடையில் ஊரிலிருந்து மாமியின், இவருடைய அம்மாவின், கடிதங்கள், மச்சாளின் வாய். சித்திரைக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றார்கள். முடிவு என்றால் வேறொன்றுமில்லை. என்னை விட்டுவிட்டு இவர் இன்னொருத்தியைக் கட்டுவது. துண்டு ஒட்டாத குறைதான், என் மேலும் அந்த எழுத்தை எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் வைத்து இவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. இவர் என் மேல் உயிராக இருந்தார். குளிர்காலத்தில் நான் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட முன்னரே எழும்பி, என் சப்பாத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கி, வாசலில் கொண்டுவந்து வைப்பார். ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அந்தச் சூட்டுக்குள் காலை நுழைக்கும்போது மச்சாள் சொன்னதெல்லாம் மறந்துபோகும். அந்த மனிதரால் ஏன் ஒரு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

அந்த வருடம் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். எங்களுக்கு அது பண்டிகை இல்லைதானே, நான் வந்து ஈக்களைப் பார்க்கிறேன் என்று நானே கேட்டு ஏற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்தால் மச்சாள் வருவார் என்ற பயமும் ஒரு காரணம். கட்டடத்துக்கு வரும் சூட்டை விடுமுறையில் குறைத்துவிட்டார்கள். ஈ அறையில் ஒரு மின் ஹீட்டர் மட்டும் மூலையில் எரிந்தது. தட்டில் ஆறு பெரிய போத்தல்கள். டொக்டர் சோதனைக்கு எடுக்கும் ஆண்கள் அவற்றுக்குள்தான் கூட்டுப்புழுவாக இருந்து வெளிவர வேண்டும். கை வைத்துப் பார்த்தேன், கண்ணாடி சில்லென்று இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. வெயில் நாட்டில் பிறந்தவளுக்குக் குளிர்தான் எதிரி, சூடு ஒருநாளும் கெடுதல் செய்யாது. ஆறையும் தூக்கிக் கொண்டுபோய் ஹீட்டரடியில் வைத்தேன். இடம் போதவில்லை, இரண்டு போத்தல்கள் அதை ஒட்டியே நின்றன. பத்து நாளும் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். அந்த இரண்டும் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இதமாகச் சுடும். கடைசி நாள் எல்லாவற்றையும் எடுத்து, பழைய இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.

ஜனவரியில் டொக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா இல்லையா என்று பேராசிரியர் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் தீர்மானிக்கப் போகிறார். கையில் காட்ட ஏதாவது வேண்டும். இரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்திருந்தது ஒன்றிரண்டுதான், அவையும் வேறு யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்தவை. ஆகவே அந்த ஒருமுறை மட்டும், ஆண்களைச் சோதித்துப் பார்க்க ஒரு கிழமை, ஏழு நாள், செலவாகும் என்று அதை விட்டுவிட்டார். கிறிஸ்மஸுக்கு முன்னர் அதே போத்தல்களில் எடுத்தவை நல்லவையாகத்தானே இருந்தன என்றார். நாற்பது இலக்கங்களைச் சோதனைக்கு வைத்தார். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் நாற்பதில் பதினாலு எஸ். டொக்டர் குப்பிகளைத் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இவ்வளவு வருமா அக்கா?" என்று என்னைக் கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் சந்தோஷமும் ஒரு சந்தேகமும் சேர்ந்தே இருந்தன. "கடவுள் கண் திறந்திட்டார் டொக்டர்" என்றேன். நான் ஒரு விசரி, பைத்தியக்காரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மிஞ்சிப்போன ஆண்களை நான் விட்டு வைத்த போத்தலைப் பார்க்கப் போனேன். வீணாக்குவானேன் என்று, அந்த ஒட்டி நின்ற போத்தல் ஒன்றின் ஆண்களைச் சாதாரணப் பெண்களோடு ஒரு புதுப் போத்தலில் விட்டிருந்தேன். சாதாரணப் பெண்கள் என்றால், தடுத்தாலும் நிற்காமல் பெருகுகிற சாதி. ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. புழுக்கள் கொதித்துக்கொண்டு இருக்க வேண்டும். சாப்பாடு வழுவழுவென்று கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முட்டைகள் மட்டும் மாவு தூவின மாதிரி மேலே கிடந்தன. டொக்டரிடம் போய், ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, "ஈக்குச் சூடு ஒத்துக்கொள்ளுமோ?" என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "பொம்பள ஓரளவு தாங்கிக்குவா. ஆம்பளைக்குத்தான் ஆகாது. முப்பது டிகிரியைத் தாண்டிச்சுன்னா மலடாயிடுவான். பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லா பறப்பான், எல்லாம் செய்வான்." திரும்பி வந்து, அன்று கழுவ வேண்டிய போத்தல்களை இரண்டு தரம் கழுவினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் மச்சாள் வந்திருந்தார். மேசையில் ஒரு போட்டோ கிடந்தது. கொழும்பில் இருக்கும் பிள்ளையாம், இருபத்தி நாலு வயதாம். நான் கோட்டைக் கழற்றக்கூட இல்லை, மச்சாள் இவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நான் வஞ்சகமில்லாமல் கதைக்கிறன். உவள் மலடி எண்டு இப்ப ஊருக்கே தெரியும். உனக்கெண்டு ஒரு பிள்ளை வேண்டாமோ? நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன்." இவர் டீவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீவிக்குக் கீழே, இவர் கண்ணுக்கு நேராக, அந்த லாச்சி. எனக்கு அப்போது வந்த கோபத்தில் அந்தப் போட்டோவை எடுத்துக் கிழித்திருப்பேன், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். சீனிப் போத்தலைத் திறந்த வேகத்தில் சீனி முழுக்க மேசையில் கொட்டுண்டது.

இரவு முழுக்கக் கண் மூடவில்லை. நான் வாய் திறந்தால் டொக்டரின் பதினாலும் போய்விடும், அதோடு அவருடைய வேலையும். என் வேலையும் போகும், பிறகு இந்த வீட்டில் நான் எதைச் சொல்லி நிற்பேன்? திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஈ வந்து சாட்சி சொல்லவா போகிறது? இப்படியே புரண்டு புரண்டு விடிந்தது. ஆனால் அந்தத் துண்டுகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆணில் இருந்த பிழைக்கு, பதினாலு குப்பியிலும் பெண்ணின் மேல் எழுதி வைத்திருக்கிறது. எழுத வைத்தது நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஈக்காக அழுதவள் லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை காலையில் போனவுடனேயே சொன்னேன். "டொக்டர், கிறிஸ்மஸுக்கு ஆண் போத்தல்களை நான் ஹீட்டருக்குப் பக்கத்திலை வச்சனான்."

அவர் தலை நிமிரவில்லை. "எத்தனை நாள்?"

"பத்து நாள். ரெண்டு போத்தல் ஒட்டியே இருந்தது."

பேனாவை மூடி வைத்தார். "யாரைக் கேட்டு வச்சீங்க?"

"குளிருது எண்டு நினைச்சன்."

"குளிருதுன்னு ஈ உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்று கத்தினார். பக்கத்து அறையில் இருந்த வெள்ளைக்காரப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். டொக்டர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மிகவும் மெல்ல, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். பதினாலு குப்பிகளும் மேசையில் வரிசையாக நின்றன, நாங்கள் இரண்டு பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இரவு முழுக்க என் மனதில் ஓடியதும் அதுதான். கடைசியில், "பேசாம இருந்திருக்கலாமே அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆம்பிளையைச் சோதிக்காமல் பொம்பிளையிலை எழுதக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆறு வருசமா என்னிலையும் அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கினம். இதையும் பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது" என்றேன். அதுவரை என் வீட்டுக் கதையை அவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை. எழும்பி, கோட்டின் கையை மடித்துவிட்டு, "நல்ல ஆம்பளைங்க என் மேசைல ஒரு போத்தல் இருக்கு. சோதிச்சதுதான். பதினாலு குப்பி சாப்பாடு வேணும், இப்பவே" என்றார்.

அந்தப் பதினாலு குடும்பத்துப் பெண்களையும் புதிய ஆண்களோடு விட்டோம். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளும் டொக்டர் வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறு சொல் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். நானாக இருந்தால் அடித்திருப்பேன். சனிக்கிழமை காலையில் கட்டடம் வெறிச்சென்று இருந்தது. ஐந்து நாள் காத்திருக்க நேரமில்லாததால் அவர் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்று குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். பொரியாத முட்டை வெள்ளை அரிசிக் குருணை மாதிரி முழுதாக இருக்கும். பொரித்தது என்றால் வெறும் கோதுதான் சுருங்கிக் கிடக்கும். முதலில் கொடுத்தது இருபத்தேழு. அவர் அசையாமல் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, "நீங்களே பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கோதுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. நடுவில், கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு புழு, கறுத்த வாயால் நான் காய்ச்சின சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது இல்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கு அது ஒரு நட்டம். ஆனாலும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதினாலில் பதினொன்று பொரித்திருந்தன. மூன்று பொரிக்கவில்லை. அந்த மூன்றையும் அவர் நான்கு தரம் பார்த்தார். பிறகு நீலப் பேனாவை எடுத்து, பழைய குப்பிகளில் எஸ் விழுந்த பதினொரு துண்டுகளிலும் ஒவ்வொரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். எல்லாம் முடிந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார். "கண்டுபிடிச்சது நீங்க. நீங்களும் போடுங்க." கூலித் தாளில் போட்டதைத் தவிர இங்கிலாந்தில் நான் அதுவரை வேறெதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பதினொரு தரம் போட்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவர் மூன்றோடுதான் போனார். ஹீட்டர் கதையையும் தன் அவசரத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் எதிர்பார்த்தது அதை அல்ல. மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம்தான் கொடுத்தார்கள். என்னை வேலையால் நிறுத்தச் சொல்லி யாரோ கேட்டதாகவும், டொக்டர் முடியாது என்று சண்டை போட்டதாகவும் பிறகு அந்த வெள்ளைக்காரப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் நான் லாச்சியைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து இவர் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "என்னை இலையானோடை ஒப்பிடுறீரோ?" என்று கேட்டார். "இலையானுக்குக் கிடைச்ச நியாயம் எனக்கும் வேணும் எண்டு கேக்கிறன்" என்றேன். இரண்டு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் சப்பாத்து மட்டும் தவறாமல் வாசலில் சூடாக இருந்தது. மூன்றாவது கிழமை, தானாகவே லீவு போட்டுவிட்டு, வாரும் போவம் என்றார். போனோம். ஒரு மாதம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். குறை இவரிடம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து இவர் அழுதார். ஆம்பிளை அழுது நான் அதுவரை கண்டதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்குமட்டும் இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். அம்மா தாங்கமாட்டா" என்றார். நான் ஓம் என்றேன். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அந்த இரக்கத்துக்காக நான் என்னைத் திட்டாத வருடம் இல்லை.

மச்சாளிடம் இவர், இனி அந்தக் கதையை எடுக்க வேண்டாம், நான் இவளை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அதோடு இவர் பெரிய மனிதராகிவிட்டார். மலடி என்று தெரிந்தும் கைவிடாத மகான் என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சொல்லத் தொடங்கினார்கள். என் முகத்துக்கு நேரேயே, "நீர் குடுத்து வச்சனீர் பிள்ளை" என்பார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அதை அடக்கம் என்று வேறு புகழ்ந்தார்கள். சில நாட்கள் வீட்டுக்கு வந்து நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த நாள் காலையில் சப்பாத்து சூடாக இருக்கும். இப்படித்தான் நாங்கள் வாழ்ந்தோம். சந்தோஷமாக இருந்தோமா என்று கேட்டால், பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரு வருட ஒப்பந்தம் முடிந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டொக்டர் வேறு நாட்டுக்குப் புறப்பட்டார். தட்டுகளைக் காலி செய்யும்போது நான் உதவிக்கு நின்றேன். என் கணவரைச் சோதித்த விஷயத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அந்த ஒன்றில் நான் சொல் தவறியது உண்மை. பெட்டியைக் கட்டிக்கொண்டே, "வீட்ல கோடு போட்டாச்சா அக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பெட்டியை விட்டு எழும்பினார். கழுவ வைத்திருந்த குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, இருபத்தேழை எடுத்து, கோட்டுப் பைக்குள் இருந்த கைக்குட்டையால் துடைத்து என் கையில் வைத்தார். சில வருடம் பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. பிறகு விலாசம் மாறியிருக்க வேண்டும்.

போன மாதம் பார்க்கிங் ஊரில் ஒரு மண்டபத்தில் இவருடைய இறுதிக் கிரியை நடந்தது. மச்சாள் சக்கர நாற்காலியில் வந்திருந்தார், எண்பத்தைந்து வயது, வாய் மட்டும் பழையபடி. அவருடைய மகன்தான் இரங்கலுரை சொன்னான். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். "மாமிக்குப் பிள்ளைப்பாக்கியம் இல்லையெண்டு தெரிஞ்சும், கடைசிவரைக்கும் ஒரு குறை சொல்லாமல் வாழ்ந்த மனிசன் என்ரை மாமா" என்றான். மண்டபம் முழுக்க ஓமென்று தலையாட்டியது. சனம் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தது. எவ்வளவு பெருந்தன்மை என்றார்கள். பெட்டிக்குள் இவர் தலையை நிமிர்த்திக் கிடந்தார், முதல் தடவையாக. நான் இருக்குமட்டும் என்றுதான் இவர் கேட்டார். நான் கொடுத்த வாக்கு அன்றோடு முடிந்தது.

ஆகவே எழுதுகிறேன். குப்பி இப்போது மேசையில், என் தாளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. யாரையும் பழி வாங்க எனக்கு ஆசையில்லை, மச்சாளைக்கூட. இத்தனை வருடம் என் மேல் எழுதியிருந்த சொல்லைக் கிழித்து எறியவும் மாட்டேன், மை பூசி மறைக்கவும் மாட்டேன். அது அப்படியே கீழே கிடக்கட்டும், வருகிறவர்கள் வாசிக்கட்டும். குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தை வைக்கிறேன். இருபத்தேழில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. இதில் ஒன்றுதான். மற்றதைப் போட வேண்டியவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது, அவர் ஒவ்வொரு நாளும் என் சப்பாத்தைச் சூடாக்கிக்கொண்டு இருந்தார்.